சாப்பாட்டு நேர இன்சுலின்: அளவு, நேரம், மிச்சம் – முழுமையான வழிகாட்டி

இன்சுலின் போடத் தொடங்கும் பலரும் முதலில் கேட்பது "எத்தனை யூனிட்?" என்றுதான். அதற்கு விடை கிடைத்த பிறகும் சர்க்கரை ஒரு நாள் 250, மறுநாள் 60 என்று ஆடிக்கொண்டே இருக்கும். யூனிட் கணக்கு சரியாகவே இருந்திருக்கும். ஊசி போட்ட நேரம் தவறியிருக்கும், இல்லையென்றால் போன முறை போட்டதில் மிச்சம் இருந்ததை மறந்திருப்பார்கள். இந்த இரண்டையும் கணக்கில் சேர்க்கக் கற்றுக்கொண்டால் சாப்பாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அதனால்தான் இங்கே யூனிட் கணக்கோடு நேரத்துக்கும் மிச்சக் கணக்குக்கும் தனி இடம் தந்திருக்கிறோம்.

உங்களுக்கான விகிதங்களை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அந்த எண்களை வைத்துத் தினமும் மூன்று வேளை என்ன செய்வது என்பதே இந்த வழிகாட்டி.

கையில் இருப்பது எந்த இன்சுலின்?

சாப்பாட்டுக்குப் போடுவதில் இரண்டு வகை அதிகம் புழங்குகின்றன. லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், குளுலிசின் மூன்றும் அதிவேக வகை. போட்ட 10 முதல் 20 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, 1 முதல் 2 மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, 3 முதல் 5 மணி நேரத்தில் அடங்கிவிடும். ரெகுலர் எனப்படும் பழைய வகை தொடங்கவே அரை மணி நேரம் எடுக்கும். உச்சம் 2 முதல் 4 மணி நேரத்தில், முடிவு 5 முதல் 8 மணி நேரத்தில்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. ரெகுலர் இன்சுலினில் மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கூட்டுச் சேர்ந்து நிற்கும். தோலுக்கடியில் அந்தக் கூட்டு பிரிந்து தனித்தனியானால்தான் இரத்தத்துக்குள் நுழைய முடியும். அதிவேக வகையில் அமினோ அமிலங்களில் ஓரிரண்டை மாற்றி, கூட்டு சட்டென்று பிரியும்படி செய்திருக்கிறார்கள். எனவே ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது யூனிட் அதேதான் என்று சொன்னாலும், ஊசிக்கும் உணவுக்கும் இடையே விடும் நேரம் அதே அல்ல.

நாள் முழுக்க மெல்ல வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் வேறு. சாப்பிடாமல் இருக்கும்போது கல்லீரல் விடும் சர்க்கரையை அது பார்த்துக்கொள்கிறது. 30/70 போன்ற கலவை இன்சுலின் போடுபவர்களுக்குக் கீழே வரும் யூனிட் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அளவு நிலையானது. உணவின் அளவும் நேரமும்தான் அதற்கு ஏற்ப அமைய வேண்டும்.

குப்பியும் சிரிஞ்சும் பயன்படுத்துபவர்கள் இதை மட்டும் இன்றே சரிபாருங்கள். குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்று இருந்தால் 40 யூனிட் சிரிஞ்சு வேண்டும். அதன் மூடி வழக்கமாகச் சிவப்பு. 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சு. 40 குப்பியை 100 சிரிஞ்சில் எடுத்தால் உடலுக்குள் போவது வேண்டியதில் பாதிகூட இல்லை. மாற்றி எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும்.

யூனிட் கணக்கு

ஒரு வேளை டோஸில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. தட்டில் உள்ள மாவுச்சத்துக்கு ஒரு பகுதி, ஏற்கெனவே ஏறியிருக்கும் சர்க்கரையை இறக்க ஒரு பகுதி.

மாவுச்சத்து விகிதம் என்பது ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்பது. அதிவேக இன்சுலினுக்கு, 500-ஐ உங்கள் ஒரு நாள் மொத்த இன்சுலினால் வகுத்தால் தோராயமான தொடக்கம் கிடைக்கும். மொத்த இன்சுலின் என்றால் அடிப்படையும் சாப்பாட்டு நேரமும் சேர்த்து. திருத்த எண் என்பது ஒரு யூனிட் எவ்வளவு சர்க்கரையை இறக்கும் என்பது. 1800-ஐ அதே மொத்தத்தால் வகுக்க வேண்டும். ரெகுலர் போடுபவர்களுக்கு 500-க்குப் பதில் 450, 1800-க்குப் பதில் 1500 என்று எடுப்பார்கள். இங்கே சர்க்கரை எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். உங்கள் மீட்டர் மில்லிமோலில் காட்டினால், இந்த எண்களை 18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் நாளுக்கு 50 யூனிட் போடுகிறார் என்று வைப்போம். 500-ஐ 50-ஆல் வகுத்தால் 10. ஒரு யூனிட்டுக்கு 10 கிராம். 1800-ஐ 50-ஆல் வகுத்தால் 36. தொடக்கத்தில் இதை 40 என்று எடுப்பது நல்லது. எண் பெரிதானால் திருத்த டோஸ் சிறிதாகும், தாழ்சர்க்கரைக்கான வாய்ப்பும் குறையும்.

மதிய உணவுக்கு முன் அவருடைய சர்க்கரை 200, இலக்கு 120, தட்டில் 60 கிராம் மாவுச்சத்து. உணவுக்கு 6 யூனிட். திருத்தத்துக்கு 80-ஐ 40-ஆல் வகுத்தால் 2. மொத்தம் 8. அதே தட்டு, ஆனால் சர்க்கரை 80 என்றால்? இலக்கைவிட 40 குறைவு, எனவே ஒரு யூனிட்டைக் கழித்து 5 போட வேண்டும். இந்தக் கழித்தலைப் பலர் செய்வதில்லை. சர்க்கரை குறைவாக இருக்கிறதே என்று மொத்த ஊசியையும் விட்டுவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் கழித்து 300 வந்து நிற்கிறது.

மாவுச்சத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில்தான் கணக்கு அதிகம் சறுக்கும். ஒரு சிறிய சமையலறைத் தராசு வாங்கி, இரண்டு வாரம் எடைபோட்டுப் பழகுங்கள். பிறகு கண்ணே தராசாகிவிடும். 100 கிராம் வெந்த வெள்ளை அரிசியில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, 100 கிராம் வேகவைத்த உருளைக்கிழங்கில் சுமார் 20. நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 27, 250 மில்லி பாலில் சுமார் 12, ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 4. அரிசியை எப்போதும் ஒரே நிலையில் எடைபோடுங்கள்: வெந்த பிறகு என்றால் எப்போதும் வெந்த பிறகு. வேகாத அரிசியின் எண்ணை வெந்த அரிசிக்குப் போட்டால் கணக்கு ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். பாக்கெட் உணவில் 'சர்க்கரை' என்ற வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பார்க்க வேண்டியது மொத்த கார்போஹைட்ரேட், அதுவும் எத்தனை கிராம் உணவுக்கு என்பதோடு.

விகிதம் நாள் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்த்து நிற்பதால், காலையில் ஒரு யூனிட்டுக்கு 8 கிராம், இரவில் 12 கிராம் என்று இருப்பது சாதாரணம்.

இரண்டாம் வகை நீரிழிவில், அடிப்படை இன்சுலினோடு சாப்பாட்டு நேர ஊசியைப் புதிதாகச் சேர்க்கும்போது பெரும்பாலும் கணக்கெல்லாம் இருக்காது. அன்றைய பெரிய சாப்பாட்டுக்கு 4 யூனிட், அல்லது அடிப்படை டோஸில் 10 சதவீதம் என்று தொடங்குவார்கள். உங்களுக்கு அப்படி நிலையான அளவு தந்திருந்தால், அந்த வேளையின் மாவுச்சத்தைத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருப்பதே உங்கள் பங்கு. கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தால், அவற்றைத் தொடர வேண்டுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அதிகமாக இறங்கக்கூடும்.

எப்போது போடுவது

உணவின் சர்க்கரை இரத்தத்துக்கு வரும் வேகமும் ஊசியின் வேகமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதிவேக இன்சுலின் என்றாலும், உணவை வாயில் வைத்துக்கொண்டே போட்டால் சர்க்கரைதான் முந்தும். வழக்கமான நாளில் சாப்பிடுவதற்கு 15 நிமிடம் முன்பு, ரெகுலர் என்றால் 30 நிமிடம் முன்பு. "சாப்பிட்டதும் 280, மூன்று மணி நேரத்தில் 110" என்பவர்களுக்கு யூனிட்டை ஏற்றத் தேவையில்லை. முடிவில் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள், ஊசி தாமதமாகியிருக்கிறது, அவ்வளவுதான். இவர்கள் யூனிட்டைக் கூட்டினால் மூன்றாவது மணி நேரத்தில் 60-ல் நிற்பார்கள்.

உணவுக்கு முன் 70-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து, 70-ஐத் தாண்டிய பிறகு, சாப்பாடு கண்ணெதிரே வந்ததும் போடுங்கள். 200-க்கு மேல் இருந்தால் இன்னும் 5, 10 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கலாம். வெளியே சாப்பிடும்போது தட்டு மேசைக்கு வராமல் போடாதீர்கள். 15 நிமிடம் என்று சொன்னது 40 நிமிடமானால், வெறும் வயிற்றில் இன்சுலின் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எவ்வளவு சாப்பிடுவார்கள் என்று தெரியாத சிறு குழந்தைகளுக்கும், இரைப்பை மெதுவாகக் காலியாகும் சிக்கல் உள்ளவர்களுக்கும், சாப்பிட்டு முடித்ததும் போடச் சொல்வது உண்டு. குழந்தை சாப்பிட்ட அளவுக்கு மட்டும் ஊசி போகும். சற்று ஏறினாலும், சாப்பிடாத உணவுக்குப் போட்டுவிட்டுப் பதறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கொழுப்பும் புரதமும் அதிகமுள்ள உணவு வேறு மாதிரி நடந்துகொள்ளும். கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்துவதால் முதல் இரண்டு மணி நேரம் எல்லாம் நன்றாகத் தெரியும்; 3 முதல் 5 மணி நேரத்தில் ஏறும். இதற்கு மொத்தத்தையும் முன்கூட்டியே போட்டால் தொடக்கத்தில் இறங்கி, பிறகு ஏறும். இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் கருவியான பம்ப் வைத்திருப்பவர்கள் டோஸைச் சில மணி நேரத்துக்கு நீட்டிப் போடலாம். இன்சுலின் பேனா வைத்திருப்பவர்கள் இரண்டாகப் பிரித்துப் போடலாமா, எந்த அளவில் என்பதை மருத்துவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உடலில் இருக்கும் மிச்சம்

ஒருவரை ஒரே மாலையில் 240-லிருந்து 45-க்குத் தள்ளுவது பெரும்பாலும் இந்த மிச்சம்தான். அதனால் இதை மெதுவாகப் பார்ப்போம்.

மேலே சொன்ன அதே ஆள், ஒரு யூனிட்டுக்கு 40 இறங்குபவர். மதியம் 1 மணிக்கு 8 யூனிட் போட்டார். மாலை 3 மணிக்குப் பார்த்தால் 240. பதறிப்போய் திருத்தக் கணக்கைப் போடுகிறார்: 120 அதிகம், எனவே 3 யூனிட். உடனே ஊசி.

அவருடைய இன்சுலின் 4 மணி நேரம் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்வோம். எளிய கணக்கில், மணிக்கு கால் பங்கு கரைகிறது. 3 மணிக்கு 8-ல் பாதி, அதாவது 4 யூனிட் இன்னும் பாக்கி. உணவு ஏறக்குறைய செரித்துவிட்டது என்றால், அந்த 4 யூனிட்டே 160 வரை இறக்கும் வல்லமை உள்ளது. புதிதாக எதுவும் போடாமலேயே 5 மணிக்குள் அவர் 80-க்கு வரக்கூடும். கூடுதலாகப் போட்ட 3 யூனிட் இன்னும் 120 இறக்கப் பார்க்கும். 5 மணிக்கு மேல் அவருக்குக் கை நடுங்கத் தொடங்குவது ஏன் என்று இப்போது புரியும்.

ஆகவே கடைசி டோஸிலிருந்து 4 மணி நேரம் ஆகாமல் திருத்த ஊசி போடுவதானால், மிச்சத்தைக் கழித்த பிறகே போடுங்கள். திருத்தத்துக்கு 3 யூனிட் வேண்டும், மிச்சம் 4 இருக்கிறது என்றால், போட வேண்டியது பூஜ்யம். பொறுமையாக ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். உண்மையில் கரைவது நேர்கோட்டில் நடப்பதில்லை, இந்தக் கால் பங்குக் கணக்கு ஒரு கைக்கணக்குதான். ரெகுலருக்கு இதே கணக்கை 6 மணி நேரத்துக்கு நீட்டுங்கள். பம்புகளும் சில பேனாக்களும் இதைத் தாமே கணக்கிட்டுக் காட்டும். மற்றவர்கள் டோஸையும் நேரத்தையும் எழுதி வைத்தே ஆக வேண்டும். "மதியம் 8" என்பது போதாது, "1.10-க்கு 8" என்று எழுதுங்கள்.

உடலில் ஒட்டி வைக்கும் சர்க்கரை சென்சாரைப் பார்த்துப் போடுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சென்சார் அளப்பது தோலுக்கடியிலுள்ள திரவத்தின் சர்க்கரையை. சர்க்கரை வேகமாக மாறும்போது இரத்தத்தைவிட 5 முதல் 15 நிமிடம் பின்தங்கும். எண்ணும் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள். குத்தும் முன் கையைக் கழுவித் துடைப்பது சடங்கல்ல. பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே 100-ஐ 200 என்று காட்டிவிடும், அதை நம்பித் திருத்த ஊசியும் போட்டுவிடுவீர்கள்.

பேனாவால் போடும் முறை

1. பெயரைப் படியுங்கள், மருந்தை வெளிச்சத்தில் பாருங்கள். சாப்பாட்டு நேர இன்சுலின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ வேண்டாம்.
2. புதிய ஊசியைப் பொருத்தி, 2 யூனிட் திருப்பி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்துங்கள். நுனியில் ஒரு துளி வர வேண்டும். வராவிட்டால் திரும்பச் செய்யுங்கள். இதைத் தவிர்த்தால் யூனிட்டுக்குப் பதில் காற்று போகும்.
3. டோஸைத் திருப்பி, 4 மில்லிமீட்டர் ஊசி என்றால் நேராகக் குத்துங்கள். பெரியவர்கள் தோலை மடிக்க வேண்டியதில்லை. குழந்தைகளும் மிக மெலிந்தவர்களும் மடிக்க வேண்டியிருக்கும்.
4. எண் 0-க்கு வரும்வரை அழுத்தி, பத்து எண்ணிய பிறகு எடுங்கள். தோலிலோ நுனியிலோ மருந்து கசிந்தால் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் உறிஞ்சும் வேகம் மாறும்.
5. ஊசியைக் கழற்றி, குத்தினாலும் கிழியாத டப்பாவில் போடுங்கள். பேனாவிலேயே விட்டால் காற்று உள்ளே போகும், மருந்து வெளியே வரும்.

வயிற்றில் உறிஞ்சல் வேகம் அதிகம், தொடையிலும் பிட்டத்திலும் மெதுவாக இருக்கும். எனவே சாப்பாட்டு நேர ஊசிக்கு வயிறு நல்ல இடம். தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். போன முறை குத்திய இடத்திலிருந்து குறைந்தது ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகும். மாதம் ஒருமுறை, குளிக்கும்போது சோப்பு நுரை உள்ள விரல்களால் வயிற்றையும் தொடையையும் மெல்லத் தடவிப் பாருங்கள். ஓரிடம் ரப்பர் போலத் தடித்துத் தட்டுப்பட்டால் அதுதான். பல நேரம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அங்கே குத்தினால் வலிக்காது என்பதாலேயே பலர் அந்த இடத்தையே தேடிப் போகிறார்கள். ஆனால் கட்டிக்குள் போகும் இன்சுலின் ஒரு நாள் மெதுவாகவும் ஒரு நாள் வேகமாகவும் உறிஞ்சப்படும். காரணமே தெரியாமல் சர்க்கரை ஆடுகிறது என்றால் முதலில் இங்கே தேடுங்கள். நல்ல தோலுக்கு மாறும்போது அதே டோஸ் அதிகமாகிவிடும் என்பதால், மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைத்து, அந்த வாரம் அடிக்கடி சோதியுங்கள்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். பயன்பாட்டில் இருப்பது அறை வெப்பத்திலேயே பெரும்பாலும் 28 நாள் தாங்கும். திறந்த தேதியைப் பேனாவின் மேல் எழுதுங்கள். உறைந்த இன்சுலினை உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டதும் அப்படியே.

விகிதம் சரிதானா என்று சோதிப்பது

முதலில் அடிப்படை இன்சுலின் சரியா என்று பார்க்க வேண்டும். மருத்துவர் சம்மதத்தோடு ஒரு வேளையைத் தள்ளிப்போட்டு, அந்த நேரத்தில் சர்க்கரை 30-க்கு மேல் ஏறவோ இறங்கவோ இல்லையென்றால் அடிப்படை நன்றாக இருக்கிறது. அது சரியில்லாமல் விகிதத்தைத் திருத்தினால் ஒன்றின் தவற்றை இன்னொன்றின் தலையில் கட்டுவதாகிவிடும்.

பிறகு, சர்க்கரை இலக்கில் இருக்கும்போது, முந்தைய ஊசியின் மிச்சம் இல்லாத நேரத்தில், கொழுப்பு குறைந்த, எடை தெரிந்த ஓர் உணவை எடுங்கள். சாப்பிடும் முன், 2 மணி நேரம் கழித்து, 4 மணி நேரம் கழித்து என்று மூன்று முறை சோதியுங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு இலக்கு, சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிடத் தொடங்கி 1 முதல் 2 மணி நேரத்தில் 180-க்குக் கீழ். நான்காவது மணி நேர எண்ணுக்கும் தொடக்க எண்ணுக்கும் இடையே 30-க்கு மேல் வேறுபாடு இல்லையென்றால் விகிதம் சரி. அதைவிட உயரத்தில் நின்றால் டோஸ் போதவில்லை, கீழே போனால் அதிகம். ஒரு நாள் முடிவை வைத்து எதையும் மாற்றாதீர்கள். மூன்று நாள் ஒரே போக்கு தெரிந்தால் 10 முதல் 20 சதவீதம் மாற்றிப் பாருங்கள். தாழ்சர்க்கரை வந்தால் மட்டும் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், மறுநாளே குறையுங்கள்.

சர்க்கரை இறங்கினால்

70-க்குக் கீழே என்றால் 15 கிராம் வேகமான சர்க்கரை: குளுக்கோஸ் மாத்திரை, நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறாவிட்டால் மறுபடியும் 15 கிராம். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாக உதவாது, குளுக்கோஸே வேண்டும். 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சர்க்கரையை உயர்த்தும் அவசர மருந்தான குளுககான் கொடுத்து, அவசர உதவியை அழைக்க வேண்டும். குளுககான் எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

வழக்கம் மாறும் நாட்கள்

சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்துக்குள் நடக்கவோ ஓடவோ போகிறீர்கள் என்றால் அந்த வேளை டோஸைக் குறைக்க வேண்டும்: மெல்லிய உடற்பயிற்சிக்குக் கால் பங்கு, நடுத்தரத்துக்குப் பாதி, கடுமையானதுக்கு முக்கால் பங்கு வரை. ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் எடுத்தால் மதியமும் மாலையும் சர்க்கரை எகிறும், அந்த நாட்களுக்குத் தனி அளவு கேட்டு வாங்குங்கள். மது அருந்தினால் கல்லீரல் சர்க்கரை விடுவது தடைபட்டு, பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில் இறங்கும். அந்த இரவில் திருத்த ஊசி ஆபத்து.

காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாவிட்டாலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டு நேர ஊசியை மட்டும், உணவு வயிற்றில் தங்கிய பிறகு போடலாம். 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையும், முதல் வகை நீரிழிவு என்றால் கீட்டோனும் (இன்சுலின் போதாமல் கொழுப்பு எரியும்போது உருவாகும் அமிலப் பொருள்) பாருங்கள். கீட்டோன் ஏறி, வாந்தியும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊசி போட மறந்து சாப்பிட்டு முடித்த உடனே நினைவு வந்தால் போட்டுவிடலாம். இரண்டு மணி நேரம் கடந்திருந்தால் அந்த உணவுக்கு முழு டோஸ் போடாமல், சோதித்துத் திருத்த டோஸ் மட்டும். போட்டேனா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு இரண்டாவது முறை போட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள், எண் சொல்லிவிடும்.

பேனா மாறிப்போவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அடிப்படை இன்சுலினான கிளார்ஜினும் தெளிவாகத்தான் இருக்கும், பார்த்து வேறுபாடு தெரியாது. படுக்கும் முன் 24 யூனிட் அடிப்படை போட வேண்டியவர் அதிவேகத்தைப் போட்டுவிட்டால், ஒரு யூனிட்டுக்கு 10 கிராம் என்ற விகிதத்தில் அது 240 கிராம் மாவுச்சத்துக்கான டோஸ். இரண்டு பிஸ்கட்டால் சமாளிக்க முடியாது. உடனே சர்க்கரைத் தண்ணீர் குடித்து, வீட்டில் ஒருவரை எழுப்பி, அவசர உதவியை அழையுங்கள். உதவி வரும்வரை சாப்பிட்டுக்கொண்டே 15 நிமிடத்துக்கு ஒருமுறை சோதியுங்கள்; 5 மணி நேரம் ஆகும்வரை தூங்க வேண்டாம், தனியாகவும் இருக்க வேண்டாம். அன்றைய அடிப்படை டோஸை எப்போது போடுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். இது நடக்காமலிருக்க, அடிப்படைப் பேனாவைப் படுக்கைக்கு அருகிலும் சாப்பாட்டுப் பேனாவைச் சாப்பிடும் இடத்திலும் வையுங்கள். ஒன்றில் மட்டும் தடித்த ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிட்டால், விளக்கு இல்லாத நேரத்திலும் விரல் அடையாளம் காணும்.